அண்மைப் படமும் நீட்டற்குழாயும்: கொழும்பை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போர் முதலிற் காண்பது தேய்ந்துபோன ஒரு செப்புத் துண்டையே. சற்று உற்று நோக்கின் ஒரு புறத்தில் நின்ற மனித உருவமும், மறுபுறத்திற் படுத்திருக்கும் இடபமும், அதன் கீழ் ‘சேது’ என்னும் இரண்டு தமிழெழுத்துக்களும் தோன்றும். ஓர் அரசின் இறைமைக்குச் சான்று பகர்வன அவ்விரண்டு எழுத்துக்களே. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது இங்கும் பொருந்தும். வரலாற்றுச் சான்றுகளுட் பல இத்தகைய சிறு பொருள்கள். அவற்றைத் தெளிவாகப் படமெடுத்துப் பேணிய முறையும், அம்முறைக்குக் கருவியாய் அமைந்த நீட்டற்குழாயும், வில்லையைக் கமராவிற் பொருத்தும் வாயின் அளவு பற்றி எழுந்த சிக்கலும் இக்கட்டுரையின் பொருளாகும்.

கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அக்காலத்திற் சிறிய பொருள்களைப் பதிவு செய்யும் பணி பெரும்பாலும் தூரிகையையே சார்ந்திருந்தது. 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த பிரெடெரிக் மூர் என்பாரின் இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலுக்கு, பேராதனைத் தாவரவியற் பூங்காவின் ஓவியரான டி அல்விஸ் குடும்பத்தினர் தீட்டிய சித்திரங்களே ஆதாரமாயின. சிறகின் ஒவ்வொரு புள்ளியையும் கண்ணாற் கண்டு கையாற் பெயர்த்தெழுதிய அவர்தம் உழைப்புப் போற்றுதற்குரியது. ஆயினும், ஓவியன் காண்பதைத் தீட்டுகிறான். காணத் தவறியதைத் தீட்டுவதில்லை. கமராவோ தனக்கு முன் உள்ளது யாதாயினும் அதனை வேறுபாடின்றி ஏற்கும்.

அந்நாளைய பெரிய கமராக்கள் வில்லைக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் இடையே தோற்றுருத்தி ஒன்றைக் கொண்டிருந்தன. அத்துருத்தியே அண்மைப் படத்தின் மூலம். தொலைவிலுள்ள பொருளின் விம்பம் வில்லையிலிருந்து ஒரு குவியத்தூரத்திலே விழும். பொருள் அண்மையில் வருந்தோறும் விம்பம் பின்னோக்கிச் செல்லும். வில்லையும் தகட்டினின்று விலகல் வேண்டும். துருத்தியை இரு குவியத்தூரம் வரை விரித்தால் பொருளும் விம்பமும் ஒத்த அளவினவாகும். இதற்கென வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை. கையால் இழுத்து விரித்தலே போதுமானதாயிருந்தது.

நூதனசாலை திறக்கப்பட்ட அதே 1877இற் கொழும்பிலே பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. கனிப்பொருளாய்வாளராய் இலங்கையிற் பணியாற்றியவர், ஊரூராகச் சென்ற வேளையிற் கைவினைஞரின் தொழிற்றிறத்திலே மனம் பறிகொடுத்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூல் 425 பிரதிகளே அச்சிடப்பட்டது. அந்நூலிற்குரிய ஒளிப்படங்களை எடுத்தவர் அவர்தம் துணைவியார் எதெல் அம்மையார். தந்தச் செதுக்கு, உலோக வேலை, நெசவு முதலிய நுண்வினைகள் அப்படங்கள் வாயிலாகவே உலகறிந்தன. பின்னர் அமெரிக்காவிலே பொஸ்ரன் நூதனசாலையிற் பணியாற்றிய குமாரசுவாமி, ஸ்ரீக்லிற்ஸ் என்னும் கலைஞரின் 27 ஒளிப்படங்கள் 1924இல் அந்நூதனசாலையின் சேகரத்திற் சேர்வதற்குக் காரணராயினார். ஒளிப்படத்தைச் சான்றாகவும் கலையாகவும் ஒருங்கே மதித்த தமிழருள் அவர் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்.

1925ஆம் ஆண்டு ஜேர்மனியிலிருந்து லைக்கா என்னும் சிறு கமரா சந்தைக்கு வந்தது. திரைப்படச் சுருளிலே 24 மில்லிமீற்றர் உயரமும் 36 மில்லிமீற்றர் அகலமும் உள்ள படங்களை அது பதித்தது. கொழும்பின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் லயனல் வென்ற் (1900 - 1944) கையாண்ட கமராக்களுள் லைக்காவும் ஒன்று. 1938இல் இலண்டனிலே அவருடைய படங்களின் கண்காட்சியும் நடைபெற்றது. சட்டைப் பையில் அடங்கும் கமராவினால் வந்த நன்மைகள் பல. ஆனால், துருத்தி போனமையால் ஒரு நன்மை கைநழுவியது. 50 மில்லிமீற்றர் வில்லையைக் கொண்ட அக்கமரா ஏறக்குறைய ஒரு மீற்றருக்கு உட்பட்ட பொருளைத் தெளிவாகக் காட்டாது. அத்தூரத்தில் 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள நாணயம் சுருளிலே ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவே பதியும். ‘சேது’ என்னும் எழுத்துக்கள் அதில் எங்ஙனம் தெரியும்?

இக்குறையை நிறைத்ததே நீட்டற்குழாய். அதனுள் கண்ணாடி எதுவும் இல்லை. அது வெறும் உலோகக் குழாய். வில்லைக்கும் கமராவுக்கும் இடையே அதனைச் செருகினால், பழைய துருத்தி செய்த வேலையை அது செய்யும். கணக்கும் எளிது: குழாயின் நீளத்தை வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 50 மில்லிமீற்றர் வில்லைக்கு 25 மில்லிமீற்றர்க் குழாய் பொருளின் பாதியளவையும், 50 மில்லிமீற்றர்க் குழாய் முழு அளவையும் தரும். முன்னர் ஒரு மில்லிமீற்றராய்ச் சுருங்கிய நாணயம் இப்போது படச்சட்டத்தின் உயரத்தைப் பெரும்பாலும் நிரப்பும். இதற்கு விலையும் உண்டு. முழு அளவிலே ஒளி நான்கிலொன்றாகக் குறையும். ஆகவே நான்கு மடங்கு நேரம் ஒளி படவிடல் வேண்டும். துவாரத்தை எட்டாம் எண்ணுக்குச் சுருக்கினாலும் தெளிவாய் அமையும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரே. நாணயம் சற்றே சாய்ந்திருப்பினும் ஒரு பக்கம் மங்கிப்போம். தனிக் காட்சித்துளையாற் பார்க்கும் கமராவில் இத்துணை நுட்பமாய்க் குறி வைத்தல் அரிது. வில்லையினூடாகவே காண உதவும் கண்ணாடிக் கமராவான எக்சாக்ரா 1936இல் வெளிவந்தபோது அவ்விடரும் நீங்கியது.

இனி, பொருத்துவாயின் வரலாறு. 1930இல் லைக்காவின் வில்லைகள் கழற்றி மாற்றக்கூடியனவாயின. ஆயினும், ஒவ்வொரு வில்லையும் தனக்குரிய கமராவுக்கென்றே இழைக்கப்பட்டது. ஒன்றின் வில்லை மற்றொன்றிற்குப் பயன்படாது. 1931இல் வில்லை அமரும் வளையத்திற்கும் சுருளுக்கும் இடைப்பட்ட தூரம் 28.8 மில்லிமீற்றர் என வரையறுக்கப்பட்டது. அன்று முதல் எவ்வில்லையும் எக்கமராவுக்கும் பொருந்தியது. 1954இற் புதிய பூட்டுமுறை வந்தபோது அத்தூரம் 27.8 மில்லிமீற்றராகக் குறைக்கப்பட்டது. அந்த ஒரு மில்லிமீற்றர் வேறுபாடு தற்செயலன்று. அதே தடிப்புள்ள வளையம் ஒன்றை இடையில் இட்டுப் பழைய வில்லைகளைத் தொடர்ந்து பயன்படுத்தலாயிற்று. பழையதைக் கைவிடாது புதியதை ஏற்ற இச்செயல் பாராட்டத்தக்கது.

ஏனையோர் யாவரும் இவ்வழி நின்றாரல்லர். 1949இல் ஜேர்மனியிற் பிறந்த 42 மில்லிமீற்றர்த் திருகுவாயை 1957இல் யப்பானின் பென்ராக்ஸ் நிறுவனம் ஏற்றது. 1975இற் பூட்டுமுறைக்கு மாறியபோதும் 45.46 மில்லிமீற்றர் என்னும் பழைய தூரத்தை அது பேணியது. நிக்கோன் 1959இல் 46.5 மில்லிமீற்றரைக் கொண்டது. கனோன் நிறுவனமோ 1987இல் 42 மில்லிமீற்றரிலிருந்து 44 மில்லிமீற்றருக்கு மாறியது. அதனாற் பழைய வில்லைகளை வாங்கி வைத்திருந்தோர் இடர்ப்பட்டனர். குறைந்த தூரத்திற்கென அமைந்த வில்லையைக் கூடிய தூரமுள்ள கமராவிற் பொருத்தினால் அது தொலைப்பொருளைத் தெளிவாகக் காட்டாது. ஏனெனின், மிகுதியான அத்தூரம் வேண்டாத இடத்தில் நீட்டற்குழாயாகிவிடுகின்றது. தொலைவுக்குக் குற்றமாவது அண்மைக்குக் குணமாதல் இக்கருவியின் விந்தை. கண்ணாடியற்ற புதிய கமராக்கள் இச்சிக்கலைப் பெரிதும் தீர்த்தன. 2010இல் வந்த சோனியின் வாய் 18 மில்லிமீற்றர். 2018இல் வந்த நிக்கோனின் புதிய வாய் 16 மில்லிமீற்றர். எனவே 1931ஆம் ஆண்டின் லைக்கா வில்லையையும் 10.8 மில்லிமீற்றர் வளையம் ஒன்றின் துணையாற் சோனிக் கமராவிற் பயன்படுத்தலாம். எனினும், 1987க்குப் பின்னர் வந்த கனோன் வில்லைகளிலே துவாரத்தை இயக்குவது மின்சாரமாதலின், மின்தொடர்பற்ற வெறுங்குழாய் அவற்றின் துவாரத்தைச் சுருக்க மாட்டாது. குழாய் வாங்குவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

இவ்வளவும் வெறும் கருவிக் கதையாய் நின்றுவிடின் பயன் சிறிதே. நாணயங்களைப் பற்றிக் கொட்றிங்ரன் 1924இல் எழுதிய நூலைக் கொழும்பு நூதனசாலை வெளியிட்டது. இன்றும் ஆய்வாளர் அதனை நாடுவது, பொருள்கள் பதிவு செய்யப்பட்டமையாலன்றோ? இதற்கு மறுதலையான அனுபவமும் தமிழர்க்கு உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பராயின. 1983 ஜூலையில் வெள்ளவத்தை முதலிய இடங்களிலே தமிழர் இல்லங்கள் எரிந்தபோது, அவற்றுடன் குடும்ப ஆவணங்களும் பழம்படங்களும் மறைந்தன. படமெடுக்கப்பட்டவை ஏதேனும் ஒரு வடிவில் எஞ்சின. படமெடுக்கப்படாதவை பெயருமின்றிப் போயின.

கொட்டாஞ்சேனையைச் சார்ந்து நிற்கும் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம், சேர் பொன்னம்பலம் இராமநாதனால் 1907 முதல் 1912 வரை கருங்கல்லினாற் புதுக்கிக் கட்டப்பட்டது. அதன் தூண்களிலுள்ள சிற்பங்கள் காலத்தாலும் கைபடுதலாலும் தேயும் இயல்பின. வெள்ளவத்தை வீடுகளின் பெட்டிகளுக்குள்ளே எஞ்சிய ஏட்டுச்சுவடிகள், நாணயங்கள், முத்திரை மோதிரங்கள் ஆகியனவும் நிலைபேறுடையனவல்ல. இவற்றைப் பதிவு செய்தற்கு விலையுயர்ந்த தனிவில்லை வேண்டியதில்லை. கையிலுள்ள வில்லையும், அதற்கேற்ற குழாயும், அசையாத தாங்கியும், அருகில் ஓர் அளவுகோலும் போதும். உரிமையாளரின் இசைவு பெற்று, பொருள் கிடைத்த இடமும் நாளும் குறித்து, இரு புறமும் படமெடுத்து, பிரதிகளை ஓரிடத்தில் மட்டும் வையாது பல இடங்களில் வைத்தல் வேண்டும்.

மாணவர் ஒருவர் தம் பாட்டனாரின் பெட்டியைத் திறந்து அங்குள்ள செப்புக் காசொன்றை இம்முறையிற் பதிவு செய்வாராயின், அது குமாரசுவாமி தம்பதியர் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகும். நாணயம் கைமாறலாம், ஏடு செல்லரிக்கலாம். அவற்றின் எழுத்தேனும் அடுத்த தலைமுறையின் கண்ணுக்குப் புலப்படுமாறு செய்தல் கற்றோர் கடன்.