இரண்டாவது சர்க்கரை

சின்ன வயதில் எனக்கு ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. ராத்திரி அம்மா பாலுக்கு உறை ஊற்றி மூடி வைத்தால், மணிக்கு ஒரு தரம் போய்த் தட்டை நீக்கிப் பார்ப்பேன். பால் பாலாகவே இருக்கும். "அதைப் போட்டு ஏண்டா இம்சை பண்றே? தோய வேண்டிய நேரத்திலே தானா தோயும்" என்பாள் அம்மா. விடிந்து பார்த்தால் தயிர் கட்டியாக உறைந்திருக்கும். பால் தயிரான அந்த நிமிஷத்தை மட்டும் நான் ஒரு நாளும் கையும் களவுமாகப் பிடித்ததில்லை.

கல்லூரியில் நான் படித்தது இரண்டே வருஷம். அதில் இன்றும் மனத்தில் நிற்பது, உயிரியல் வாத்தியார் கரும்பலகையில் இழுத்த ஒரு கோடு. முதலில் தரையோடு தரையாக ஊர்ந்தது. பிறகு செங்குத்தாக மலையேறியது. உச்சியில் கொஞ்ச தூரம் சமமாக நடந்து, கடைசியில் தலை கவிழ்ந்து இறங்கியது. "இதுதான் பாக்டீரியாவின் ஜாதகம்" என்றார் அவர்.

புதிய உணவில் போட்டதும் பாக்டீரியா பெருகிவிடுவதில்லை. அந்த உணவைச் செரிக்க வேண்டிய என்சைம்களை முதலில் தயார் செய்துகொள்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது சும்மா இருப்பதாகத்தான் தோன்றும். தயாரானதும் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிறது. நம் குடலில் வாழும் ஈ. கோலி என்ற பாக்டீரியா, வசதி எல்லாம் வாய்த்தால், 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். 10 மணி நேரத்தில் 30 இரட்டிப்பு. ஒன்றாக இருந்தது 107 கோடியாகிவிடும். இப்படியே போனால் பூமி தாங்குமா? தாங்காது. அதற்கு முன்பே உணவு தீர்கிறது, கழிவு சேர்கிறது. வளர்ச்சி நிற்கிறது. பிறகு சாவு.

இந்தக் கோட்டில் யாரும் எதிர்பாராத ஒரு படியைக் கண்டுபிடித்தவர் ழாக் மோனோ என்ற பிரெஞ்சுக்காரர். 1940-ஆம் வருஷம் பாரிஸ் நகரம் ஜெர்மானியர் கையில் விழுந்திருந்தது. தெருவில் அந்நியச் சிப்பாய்கள் நடந்துகொண்டிருக்க, சோர்பான் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி சாலையில் மோனோ பாக்டீரியாவுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரே குடுவையில் இரண்டு விதமான சர்க்கரை. சில ஜோடிகளுக்கு வழக்கமான ஒரே ஏற்றம் வந்தது. வேறு சில ஜோடிகளிலோ, கோடு ஏறியது, நின்றது, மறுபடியும் ஏறியது!

குளுக்கோஸையும் பாலில் உள்ள லாக்டோஸையும் கலந்து கொடுத்தால், பாக்டீரியா முதலில் குளுக்கோஸை மட்டும் தின்னும். லாக்டோஸைத் திரும்பியும் பார்க்காது. குளுக்கோஸ் தீர்ந்ததும் திகைத்தாற்போல நின்றுவிடும். அந்த இடைவேளையில்தான் லாக்டோஸை உடைக்கும் என்சைமை உண்டாக்கிக்கொள்கிறது. பிறகு இரண்டாவது வளர்ச்சி. மோனோ தம் படத்தை பாஸ்டர் நிலையத்தில் இருந்த ஆந்த்ரே லுவோஃபிடம் காட்டினார். உணவுக்குத் தக்கபடி என்சைம் உண்டாவதுதான் இதற்குக் காரணமாக இருக்கும் என்று வழி காட்டினார் லுவோஃப். யுத்த காலத்தில் மோனோ ரகசிய எதிர்ப்பு இயக்கத்திலும் வேலை செய்தார். முழு விளக்கம் கிடைக்க இருபது வருஷம் ஆயிற்று. 1961-இல் அவரும் பிரான்ஸ்வா ஜாகோபும், ஜீன்களை மூடவும் திறக்கவும் பூட்டுச் சாவி போன்ற ஓர் ஏற்பாடு உயிரணுவுக்குள் இருப்பதை விளக்கி எழுதினார்கள். 1965-இல் மோனோ, ஜாகோப், லுவோஃப் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஜப்பானில் ஒரு நெசவுத்தறிக் கம்பெனியின் ஞாபகம் வந்தது.

சாகிச்சி டொயோடா தச்சர் மகன். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைச் செய்தவர். அந்தத் தறிகளைச் செய்ய 1926-இல் ஒரு கம்பெனி ஏற்பட்டது. 1929-இல் அதன் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி ஒரு லட்சம் பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. விசைத்தறிக்கு ஜன்மபூமியான இங்கிலாந்தே ஜப்பானியத் தறியை விலைக்குக் கேட்டது என்றால் சாமானியமா? முதல் சர்க்கரை தித்தித்துக்கொண்டிருந்த காலம் அது.

அடுத்த வருஷம் சாகிச்சி காலமானார். அவர் மகன் கீச்சிரோ, தறித் தொழிற்சாலையின் ஒரு மூலையில் சிறிய எஞ்சின் ஒன்றை வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். 1933-இல் மோட்டார்ப் பிரிவு தொடங்கியது. ஒரு ஷெவர்லே காரை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தார்கள். 1935-இல் முதல் லாரி வெளிவந்து, வழியெல்லாம் பழுதாகி நின்றது. பணம் போய்க்கொண்டே இருந்தது, வரவில்லை. கோடு தரையோடு ஊர்ந்த வருஷங்கள் அவை. 1937-இல் டொயோட்டா மோட்டார்க் கம்பெனி தனியாகப் பிறந்தது. அதே வருஷம் சீனாவோடு யுத்தம் மூண்டது. ராணுவம் லாரி வாங்கியது. கோடு ஏறியது.

யுத்தம் தோல்வியில் முடிந்தது. 1949-இல் ஜப்பானின் பணவீக்கத்தை அடக்குவதற்காகக் கடன் வசதியை இறுக்கினார்கள். லாரி வாங்கியவர்களால் தவணை கட்ட முடியவில்லை. ஊழியர்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். பதிலுக்கு, ஆட்களைக் குறைப்பதில்லை என்று கம்பெனி வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. 1950 வசந்த காலத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. முடிவில் சுமார் 2,000 பேர் வெளியேறினார்கள். வாக்குத் தவறிய பொறுப்பை ஏற்று, ஜூன் மாதம் கீச்சிரோவும் பதவியை விட்டு இறங்கினார்.

அதே ஜூன் 25-ஆம் தேதி கொரியாவில் யுத்தம் தொடங்கியது. சில வாரங்களுக்குள் அமெரிக்கப் படை 1,000 லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. கோடு மறுபடியும் ஏறியது. பிறகு பல காலம் இறங்கவே இல்லை. கீச்சிரோவை மீண்டும் தலைமைக்கு அழைத்தார்கள். பதவி ஏற்குமுன்பே, 1952 மார்ச்சில், 57-ஆவது வயதில் அவர் கண்ணை மூடிவிட்டார்.

கம்பெனிகளின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். என்னால் அப்படித் தாண்ட முடியவில்லை. அதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

எழுத்து சோறு போடுவதற்கு முன்னால் நான் ஒரு சிறு கம்பெனியில் கணக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். டைப்ரைட்டர் ரிப்பன் செய்து விற்ற கம்பெனி அது. கம்ப்யூட்டர் வந்தது. டைப்ரைட்டர்கள் மூலைக்குப் போயின. முதலாளி நல்ல மனிதர். "இன்னும் ஆறு மாசம் பொறுத்துக்கோங்கோ, பிரிண்டர் ரிப்பனுக்கு மாறிடலாம்" என்றார். மாறத்தான் செய்தார். ஆனால் அதற்குள் எங்களில் ஒன்பது பேருக்குக் கணக்குத் தீர்த்துவிட்டார். என் கணக்கையும் கடைசியாக நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனேன். கட்டடத்துக்குப் புது மாடி எழும்பியிருந்தது. சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்று தெரியாமல் எதிர்ப்புறத்து டீக்கடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மோனோவின் இடைவேளையில் எல்லா பாக்டீரியாவும் ஒன்றாகத் தயாராகி ஒன்றாகக் கிளம்புகின்றன என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தார்கள். சமீப வருஷங்களில் ஒவ்வோர் அணுவையும் தனித்தனியாகக் கவனித்துப் பார்த்தார்கள். சில இனங்களில் அப்படி இல்லையாம்! சர்க்கரை மாறும்போது ஒரு பகுதி மட்டுமே புதிய உணவுக்கு மாறிக்கொண்டு பெருகுகிறது. மற்றவை வளர்ச்சியில்லாமல் நின்றுவிடுகின்றன. இரண்டாவது ஏற்றம் மாறியவற்றின் சந்ததியால் ஏறுகிற ஏற்றம். நின்றுபோனவை எத்தனை என்று அந்தக் கோடு சொல்லாது. அவ்வாறு சோதித்துப் பார்த்த பாக்டீரியாக்களில் ஒன்று எது தெரியுமா? பாலைப் புளிக்க வைக்கிற லாக்டோகாக்கஸ். எங்கள் அம்மாவின் தயிர்ச் சட்டிக்கு உறவுக்காரன்!

வளர்ச்சி படிப்படியாகத்தான் வரும், நடுவில் நிற்பதைக் கண்டு பயப்படாதே என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். அடுத்த படிக்கு வேண்டிய வேலை அந்த நிற்கிற நேரத்தில்தான் நடக்கிறது. ஆனால் படியேறி முடித்தவர்கள் ஒரு முறை திரும்பிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். பாக்டீரியாவுக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும். தெரியும் என்பதால்தான் கீச்சிரோ நாற்காலியை விட்டு இறங்கினார். அவரைப் பற்றி நினைக்கும்போது, அவர் செய்த கார்களைவிட அந்த இறங்குதல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது எங்கள் வீட்டில் உறை ஊற்றுவது என் மனைவி. ராத்திரி தட்டை நீக்கிப் பார்க்கும் வழக்கம் என் பெண்ணுக்கு வந்திருக்கிறது. "இன்னும் ஒண்ணுமே ஆகலையேப்பா!" என்கிறாள். உள்ளே என்னென்னவோ ஆகிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? "மூடி வை, அம்மா" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.