துண்டும் உறுதியும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் பதுளையில் என்னைத் தேடி ஓர் இளைஞர் வந்தார். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயின் மகன். கொழும்பில் கணினி நிரலாளர். ஈமேக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதியிருந்தார். அதை ஏற்குமுன், பதிப்புரிமையைத் தமக்கு எழுதித்தரும்படி அமெரிக்காவிலுள்ள கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஒரு பத்திரம் அனுப்பியிருந்தது.

"சும்மா கொடுத்ததற்குக் கையெழுத்து எதற்கு ஐயா? அம்மா போடாதே என்கிறார்" என்றார்.

அந்தத் தாயின் அச்சத்துக்கு வரலாறு உண்டு. ஊவாத் தோட்டங்களிலும் ஏனைய மலைநாட்டுத் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. கங்காணியும் அவர்கீழ் உள்ள ஆட்களும் பட்டிருக்கும் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் ஆட்களை விடுவிப்பேன் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் கடதாசி அது. வேறொரு தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களைக் கூட்டிச் செல்லும். கடன் தீராது, கைமாறும், கைமாறும்போதே வளரும். தன் பேரில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படிக்கத் தெரியாதவரே அதைச் சுமந்தார். 1921 இல் துண்டு ஒழிக்கப்பட்டது. கடதாசி மீதான பயம் ஒழியவில்லை. தலைமுறைகளாக லயத்தில் வாழ்ந்தும் காணி உறுதி இல்லாதவர்களிடம் அது எப்படி ஒழியும்?

பத்திரத்தை இருவருமாக வாசித்தோம். 1985 இல் தொடங்கப்பட்ட அந்த அறக்கட்டளையின் நியாயம் எளிது. நூற்றுக்கணக்கானோர் எழுதிய நிரலில் உரிமை நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறிக்கிடந்தால், உரிம விதியை மீறுபவர் மீது வழக்காடுவது கடினம். 2008 டிசெம்பரில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்க அறக்கட்டளையால் முடிந்தது, அந்த நிரல்களின் பதிப்புரிமை அதன் கையில் இருந்தமையால்தான். மறு ஆண்டு வழக்கு இணக்கத்தில் முடிந்தது.

பத்திரத்தில் நான் கோடிட்டுக் காட்டியது வேறிடம். பெறுபவரும் அங்கே ஓர் உறுதி தருகிறார்: இந்நிரல் என்றும் கட்டற்ற நிபந்தனைகளிலேயே வெளிவரும், எழுதியவர் தம் நிரலைத் தாம் விரும்பியவாறு பயன்படுத்தலாம். துண்டில் இப்படியொரு வரி ஏது?

எல்லோரும் இம்முறையை ஏற்பதில்லை. லினக்ஸ் கருவகம் எவரிடமும் உரிமையை எழுதிக் கேட்டதில்லை. 2004 முதல் 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என உறுதிப்படுத்தும் ஒற்றை வரியே அங்கு போதும். அறக்கட்டளையின் சொந்தப் பிள்ளையான ஜி.சி.சி. கூட 2021 இல் கட்டாயத்தைக் கைவிட்டது.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய அனர்த்த முகாமை மென்பொருள் சஹானா. (நமக்கு அது இராகம்; சிங்களத்தில் 'நிவாரணம்' என்ற பொருள்படும் சொல்.) நிரற்கோப்புகளின் தலைப்பில் பதிப்புரிமையாளராக லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் பெயர் இருந்தது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அம்மென்பொருள் பயன்பட்டது. பணி உலகளாவியதானபோது, 2009 இல் சஹானாவுக்கெனத் தனி அறக்கட்டளை அமைந்து பொறுப்பு அதற்குச் சென்றது. உரிமை ஓரிடத்தில் இருந்ததன் வசதி அது.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமற்போனோர் தொகையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள். காணாமற்போனோருக்கான பதிவேடு சஹானாவின் முதன்மைப் பகுதிகளுள் ஒன்றாக இருந்தது ஏன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

எதிர்மாறான கதையையும் அந்த இளைஞருக்குச் சொன்னேன். ஓப்பன் ஆபீஸுக்கு உழைத்தவர்கள் தம் உரிமையில் சன் நிறுவனத்துக்கும் பங்கு எழுதித்தந்தார்கள். 2010 தொடக்கத்தில் சன்னை ஒரக்கிள் வாங்கியது. தாம் ஒருபோதும் கையெழுத்திட்டுக் கொடுக்காத ஒருவரிடம் அந்தப் பங்கு போய்ச் சேர்ந்ததை அவர்கள் கண்டார்கள். அவ்வாண்டு செப்டெம்பரில் பெரும் பகுதியினர் பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். அங்கே உரிமைப் பத்திரமே இல்லை.

இளைஞருக்கு இன்னொரு தடை இருந்தது. அவர் எழுதும் நிரலில் தனக்கு உரிமையில்லை என வேலை கொடுத்தவரும் எழுதித்தர வேண்டும். கொழும்பு நிறுவனம் அதற்கு நான்கு மாதம் எடுத்தது. பதினைந்து வரிக்குள் இருந்திருந்தால் பத்திரமே வேண்டியதில்லை என்று சொல்லிச் சிரித்தார். இவருடையது இருநூறைத் தாண்டியிருந்தது.

கடைசியில் கையெழுத்திட்டார். அதற்கு முன் முழுப் பத்திரத்தையும் தமிழில் தாய்க்கு வாசித்துக் காட்டினாராம். பிரதியொன்று இப்போது லயத்து அறையில், சம்பளச் சீட்டுகள் இருக்கும் தகரப் பெட்டியில் கிடக்கிறது.