உள்ளூர் வரியும் தொடக்கப்பள்ளி மானியமும்: ஒரு வரலாற்று நோக்கு

தொடக்கக்கல்விச் செலவை யார் ஏற்பது என்னும் வினா எழுந்த காலந்தொட்டே, எப்பகுதிக்கு எவ்வளவு என்னும் வினாவும் உடன் எழுந்துள்ளது. முதல் வினா பெற்ற கவனத்தை இரண்டாம் வினா பெறவில்லை எனலாம். பம்பாய், சென்னை மாகாணங்களின் மானிய விதிகளை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய முற்படுகிறது.

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை உதவிமானிய முறையை வகுத்தது. உள்ளூரார் பொருள் திரட்டினால் அரசு துணைநிற்கும் என்பதே அதன் அடிப்படை. திருச்சபைகளும் கொடையாளரும் பள்ளி நடத்திய இங்கிலாந்தில் உருவான முறை அது. வானம் பார்த்த நிலத்தை நம்பிய சிற்றூர்கள் எதைத் திரட்டும் என்பது அன்று எண்ணிப்பார்க்கப்படவில்லை போலும்.

1860களில் பம்பாய் மாகாணத்தில் நிலவரி ரூபாய்க்கு ஓரணா வீதம் உள்ளூர்த் தீர்வை தண்டப்பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்கு கல்விக்குரியதாயிற்று. வரி செலுத்தியவர் உழவர். அப்பணத்தில் ஒரு பகுதி நகரப் பள்ளிகளுக்குச் சென்றது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக்குழு, நகரப் பள்ளி நிதியையும் ஊரகப் பள்ளி நிதியையும் தனித்தனியே பிரிக்கவேண்டும் எனப் பரிந்துரைத்தமைக்கு இதுவே காரணம்.

அக்குழுவின் மற்றொரு பரிந்துரை மேலும் நுணுகி நோக்கத்தக்கது. உள்ளூர் நிதியில் பாதி, அதாவது மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு, அரசு மானியமாகலாம் என்றது குழு. இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். நிலவரி 48,000 ரூபாய் உள்ள புன்செய் வட்டத்தில் ஓரணாத் தீர்வை 3,000 ரூபாய், கல்விப் பங்கு 1,000, மானியம் 500. நிலவரி 4,80,000 ரூபாய் உள்ள ஆற்றுப்பாசன வட்டத்தில் கல்விப் பங்கு 10,000, மானியம் 5,000. மானியத்துக்கு முன் இரு வட்டங்களுக்கும் இடையே 9,000 ரூபாயாக இருந்த வேறுபாடு, மானியத்துக்குப் பின் 13,500 ஆகிறது. எவரும் ஓரவஞ்சனை செய்யவில்லை, விதி ஒன்றே. அவ்விதியே இடைவெளியை வளர்த்தது. பின்தங்கிய பகுதிகளுக்குத் தனிக்கவனம் வேண்டுமென்று குழு கூறியிருப்பினும், பொது விதியின் போக்கை அது மாற்றவில்லை.

1911இல் கோகலே கொணர்ந்த கட்டாயக் கல்வி மசோதா செலவில் மூன்றில் இரு பங்கை அரசின்மேல் சுமத்த விழைந்தது. இஃது ஒரு முன்னேற்றமே. ஆயினும் ஏற்கெனவே குறிப்பிட்ட விகிதத்தினர் பள்ளியில் பயிலும் பகுதிகளில் மட்டுமே உள்ளாட்சிகள் கட்டாயத்தைக் கொணர இயலும் என்பதும் அதன் விதி. பள்ளி மிகுதியும் வேண்டிய ஊர்கள் அவ்விதியாலேயே வெளியே நிற்க நேரும். 1912இல் மசோதா 13க்கு 38 என்னும் வாக்குகளால் தோற்றது. பரோடாவிலோ, சயாஜிராவ் 1893இல் அம்ரேலி வட்டாரத்தில் தொடங்கிய கட்டாயக் கல்வியை 1906இல் சமஸ்தானம் முழுவதற்கும் விரித்திருந்தார்.

1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக்கல்விச் சட்டம், உள்ளாட்சிகள் கல்வி வரி விதித்தால் அதற்கு ஈடான தொகையை அரசு அளிக்க வழிசெய்தது. வரி விதிக்கத் துணிந்த, விதிக்கவும் வளம் வாய்ந்த பகுதிகளே இதனால் மிகுதியும் பயன்கொள்ள இயலும். 1923ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம் ஓரடி முன்சென்றது. கட்டாயக் கல்வித் திட்டத்தின் கூடுதல் செலவில் நகராட்சிகளுக்குப் பாதியும், மாவட்ட உள்ளாட்சிக் கழகங்களுக்கு மூன்றில் இரு பங்கும் அரசு தருவதாயிற்று. நகரமும் நாட்டுப்புறமும் ஒன்றல்ல என்பதை மானிய விதி இங்கு ஏற்றுக்கொள்கிறது. எனினும் வளமான மாவட்டத்துக்கும் வறண்ட மாவட்டத்துக்கும் வீதம் ஒன்றே. எஞ்சிய பங்கைத் தன் வருவாயிலிருந்து தர இயலாத கழகம் திட்டம் தீட்டவே தயங்கும். திட்டமின்றேல் மானியமும் இல்லை.

மாவட்டங்களுக்கிடையிலான கல்வி வேறுபாட்டைக் குறைப்பது திட்டமிட்ட கொள்கையாக வேண்டும் என்று கோத்தாரிக் கல்விக்குழு 1966இல் வற்புறுத்தியபோது, உட் அறிக்கை வெளிவந்து 112 ஆண்டுகள் ஆகியிருந்தன.