லைப்சிக் நகர்ச் சதுக்கமும் இசை மண்டபமும்

ஜேர்மனியின் லைப்சிக் நகரில் 1743 இல் வணிகர்களும் பிரபுக்களும் தொடக்கிய இசைக்குழு, 1781 இல் துணிவணிகர் மண்டபத்தின் மேற்றளத்தில் நிலைபெற்றது. துணிமண்டபம் எனப் பொருள்படும் 'கெவாண்ட்ஹவுஸ்' என்பதே அதன் பெயருமாயிற்று. 1884 இல் எழுந்த இரண்டாவது மண்டபம் இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சிற் சிதைந்தது; 1968 இல் அதன் இடிபாடுகளும் அகற்றப்பட்டன.

அதே ஆண்டு மே 30 இல், நகர் மையச் சதுக்கத்திலே போருக்கும் தப்பி நின்ற பல்கலைக்கழகத் தேவாலயத்தைக் கிழக்கு ஜேர்மனிய அரசு வெடிவைத்துத் தகர்த்தது. அச்சதுக்கத்திலேயே, குண்டுவீச்சில் அழிந்த ஓவியக்கூடம் நின்ற நிலத்தில், 1981 இல் மூன்றாவது மண்டபம் திறக்கப்பட்டது. பழைமையை அழித்த அரசே புதிய பெருமையையும் எழுப்பிற்று என்பது இங்கு நோக்கத்தக்கது.

எனினும், ஒரு கட்டிடத்தின் வரலாற்றுப் பொருளை அதனைக் கட்டியோர் மட்டும் நிர்ணயிப்பதில்லை. 1989 ஒக்டோபர் 9 இல் ஏறத்தாழ 70,000 மக்கள் அச்சதுக்கத்திலிருந்து ஆட்சிக்கெதிராக ஊர்வலம் சென்றனர். இசைக்குழுத் தலைவர் கூர்ட் மசூர் உள்ளிட்ட அறுவரின் அமைதி வேண்டுகோள் ஒலிபெருக்கிகளிற் கேட்டது; துப்பாக்கிகள் மௌனித்தன. பின்னர் அம்மண்டபமே குடிமக்களின் விவாதக் களமாயிற்று.

தேவாலயத்தின் உருவை நினைவூட்டும் கட்டிடம் அவ்விடத்தில் 2017 இலேயே திறக்கப்பட்டது. இடிக்க ஒரு நாள் போதியது. ஈடு செய்ய அரை நூற்றாண்டு சென்றது. தொன்னகரின் நடுவே புதியன எழுப்புவோர் இக்கணக்கை மறத்தலாகாது.