சோளமும் சூனியமும்

ஆப்பிரிக்கா என்றதும் எலும்பும் தோலுமான குழந்தையின் படத்தையே நமக்குக் காட்டிப் பழக்கிவிட்டனர். வானம் பொய்த்தது என்பர் சிலர். விதி என்பர் வேறு சிலர். அந்த மண்ணின் மைந்தர்களே பசியை ஆராய்ந்து அதன் வேரைத் தேடிய வரலாற்றை எத்தனை பேர் நமக்குச் சொன்னார்கள்?

நம் பாட்டன்மார் களியாகவும் கூழாகவும் உண்ட வெள்ளைச் சோளம் ஆப்பிரிக்கா தந்த கொடை. இன்றைய சூடானின் கிழக்குப் பகுதியில் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பே அது விளைந்தது. பின்னர் இந்தியாவுக்கும் வந்தது. தானியம் தந்த நாட்டிலே பசி புகுந்தது எவ்வாறு?

சூடானை ஆண்ட வெள்ளையர் நீல நைல் ஆற்றின் குறுக்கே 1925-இல் சென்னார் அணையைக் கட்டி முடித்தனர். கெசிரா சமவெளியில் நீர் பாய்ந்தது. பாய்ந்த நீரில் முதல் உரிமை எதற்கு? லங்காஷயர் ஆலைகள் கேட்ட பருத்திக்கு! ஆலைக்கு வேண்டிய பயிர் முன்வரிசையில் அமர்ந்தது. ஏழை உண்ணும் சோளம் பின்வரிசையில் நின்றது.

சோளத்துக்கு இன்னொரு பகையும் உண்டு. நம் உழவர் சுடுமல்லி என்று அழைக்கும் களையின் இனம் அது. ஆங்கிலத்தில் அதன் பெயருக்குச் சூனியக்காரியின் களை என்று பொருள்! அக்களை வெளியே தலைகாட்டு முன்பே மண்ணுக்குள் பயிரின் வேரைப் பற்றி உறிஞ்சிவிடும். பயிர் வாடும், காரணம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளைச் சிந்தும். அவை பத்தாண்டுக்கு மேலும் மண்ணில் உறங்கும். கண்ணுக்குத் தெரியாததற்கெல்லாம் சூனியம் என்று பெயரிடுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கமன்றோ?

அந்தப் பெயரோடு நின்றுவிடாமல் காரணத்தைத் தேடியவர்களுள் ஒருவர் கெபிசா எஜெட்டா. எத்தியோப்பியாவில் ஓலைக் குடிசையில் 1950-இல் பிறந்தவர். 20 கிலோமீட்டர் நடந்து சென்று கற்றவர். மகன் படித்தே தீரவேண்டும் என்ற தாயின் உறுதியே அவரை நடத்தியது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1979-இல் சூடானுக்கு ஆராய்ச்சி செய்ய வந்தார். 1983-இல் வறட்சி தாங்கும் கலப்பினச் சோளமான 'ஹகீன் துரா-1' வெளிவந்தது. 1999-க்குள் பத்து இலட்சம் ஏக்கரில் அது விளைந்தது.

அடுத்து அவர் களையின் மீது கண் வைத்தார். பர்டியூவில் லாரி பட்லர் என்ற உயிர்வேதியியல் அறிஞரோடு ஆராய்ந்தார். சோளத்தின் வேர் மண்ணில் கசியவிடும் ஒரு வேதிப்பொருளே களைவிதையைத் துயிலெழுப்புகிறது. அப்பொருளைக் குறைவாகக் கசியும் சோளம் இருந்தால்? அழைப்பு இல்லை, களைவிதை எழுவதும் இல்லை! அத்தகைய சோளத்தை உருவாக்கினார்கள். 1994-இல் எட்டு டன் விதை 12 ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்றது. 2009-இல் எஜெட்டாவுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. மந்திரம் ஓதாமலே சூனியக்காரி தோற்றாள்.

ஆயினும் பசி தோற்றதா? சூடானில் 2023 ஏப்ரலில் படையும் துணைப்படையும் மோதின. அவ்வாண்டு டிசம்பரில் போர் வாத் மதானி நகரை விழுங்கியது. அங்கிருந்த தேசிய விதை வங்கி சூறையாடப்பட்டது. 2024 ஆகஸ்டில் டார்ஃபூரின் சம்சம் முகாமில் பஞ்சம் நிலவுவதாக உலகம் உறுதி செய்தது. சூடான் அறிஞர்கள் சோர்ந்து அமரவில்லை. எஞ்சியிருந்த விதைகளுள் ஒரு பகுதியை, சோளத்தையும் சேர்த்து, 2025 பிப்ரவரியில் நார்வேயின் பனிமலைக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள்.

களை எழும் காரணத்தை ஆராய்ச்சி கண்டது, விதையும் தந்தது. விதைக்கும் வயலைப் போர்க்களமாக்கியவர்கள் மனிதர்கள். இதனை இனி விதி என்பவரிடம், இளைஞர்களே, சூடானின் சோளத்தைச் சுட்டிக் கேளுங்கள்: அணை கட்டிப் பருத்தி கேட்டது விதியா? விதை வங்கியைச் சூறையாடியது விதியா?