தரையை விட்டுக் கிளம்பாத குதிரை

செர்வான்டிஸின் 'டான் குயிக்ஸாட்' நாவல் 1605இல் ஒரு பாகமும் 1615இல் மறு பாகமுமாக வெளிவந்தது. முந்நூறு வருடம் நெருங்கும் வேளையில், 1896 அக்டோபரில், ஃப்ளாரன்ஸுக்குப் போயிருந்த ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் அதை இசைக்குழுவுக்கு எழுதலாம் என்று குறித்துவைத்தார். மறுவருடம் டிசம்பர் கடைசியில் மியூனிக்கில் எழுதி முடித்தார். 1898 மார்ச் 8 அன்று, கொலோன் நகரில் ஃப்ரான்ஸ் வுல்னர் நடத்த, அரங்கேற்றம்.

ஒரு மெட்டு, அதற்குப் பத்து மாற்றுருவங்கள், முன்னும் பின்னும் கொஞ்சம். மொத்தம் நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல். டான் குயிக்ஸாட்டின் குரல் செல்லோ. அவருடைய பணியாள் சாஞ்சோவுக்கு டெனார் ட்யூபா, பேஸ் கிளாரினெட், அப்புறம் ஓயாமல் வளவளக்கும் வயோலா.

இரண்டாம் மாற்றுருவில் ஆட்டுமந்தை. பித்தளை வாத்தியக்காரர்கள் நாக்கைப் படபடக்கவிட்டு ஊத, அசல் ஆட்டுச் சத்தம். இது இசையா, மிமிக்ரியா என்று கேட்டவர்கள் உண்டு. ஆடு விஷயத்தில் நானும் அவர்கள் கட்சிதான். ஆனால் ஏழாவதைக் கேட்டபின் கட்சி மாறாமல் முடியாது.

நாவலில் இருவரையும் கண்ணைக் கட்டி மரக்குதிரையில் ஏற்றி, துருத்தியால் காற்றடித்து, வானத்தில் பறப்பதாக நம்பவைப்பார்கள். ஸ்ட்ராஸ் இதற்கு நாடகக் கொட்டகையிலிருந்து காற்று எந்திரத்தைக் கொண்டுவந்தார். மரச்சட்டம் அடித்த உருளை, மேலே இழுத்துக் கட்டிய துணி. கைப்பிடியைச் சுற்றச் சுற்றச் சட்டங்கள் துணியில் உரசி இரையும். வேகம் கூட்டினால் புயல். குழல்கள் சரசரவென்று ஏறி இறங்குகின்றன. கீழேயோ, தாழ்ந்த வாத்தியங்கள் 'டி' என்ற ஒரே சுரத்தைத் தம்புரா மாதிரிப் பிடித்துக்கொண்டு நகரவே மறுக்கின்றன. குதிரை தரையில்தான் நிற்கிறது! கிண்டல் அவ்வளவும் அந்த ஒற்றைச் சுரத்தில் இருக்கிறது. செர்வான்டிஸ் கேட்டிருந்தால் ரசித்திருப்பார்.

பிற்பாடு இடம் மாறியது செல்லோதான். இசைக்குழுவின் முதல் செல்லோக்காரர் தன் நாற்காலியிலிருந்தே வாசிக்கட்டும் என்பது ஸ்ட்ராஸின் எண்ணம். 1933இல் பெர்லினில் அவரே நடத்திப் பதிவுசெய்தபோது வாசித்தவர் என்ரிக்கோ மைனார்டி. நாளடைவில் ஃபூர்னியே, ரோஸ்ட்ரபோவிச் போன்ற நட்சத்திரங்கள் வந்தார்கள். நாற்காலி மேடையின் முன்வரிசைக்கு நகர்ந்தது, இசைத்தட்டு உறையிலும் பெயர் பெரிதாயிற்று. சாஞ்சோவின் வயோலாக்காரர் பெரும்பாலும் இன்னும் குழுவோடு குழுவாகவே உட்கார்ந்து வாசிக்கிறார்.