'தி அவுல் ஹவுஸ்' கிளைமாக்ஸ்: கெஞ்சிய வில்லனை ஹீரோயின் காப்பாற்றாதது ஏன்?

மந்திரம் பிறவியிலேயே வராத ஒரு பெண், மந்திரவாதிகள் மட்டுமே வாழும் உலகத்தில் போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? இந்த ஒற்றைக் கேள்வியை வைத்து 43 எபிசோடுகள் ஓடிய அனிமேஷன் தொடர்தான் டிஸ்னி சேனலின் 'தி அவுல் ஹவுஸ்'. 2020 ஜனவரி 10-ல் தொடங்கி, 2023 ஏப்ரல் 8-ல் 'வாட்சிங் அண்ட் ட்ரீமிங்' என்ற எபிசோடுடன் முடிந்தது. அந்தக் கடைசி எபிசோடில் என்ன நடந்தது, ரசிகர்கள் இன்னும் ஏன் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்?

(எச்சரிக்கை: கதையின் முடிவு முழுவதும் கீழே சொல்லப்பட்டுள்ளது. இன்னும் பார்க்காதவர்கள் கவனம்!)

யார் இந்த லூஸ்?

பெயரைப் பார்த்து சிரிக்க வேண்டாம். ஸ்பானிஷ் மொழியில் 'லூஸ்' என்றால் ஒளி. 14 வயது லூஸ் நொசேடா, டொமினிக்கன் வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கப் பெண். கோடை விடுமுறை முகாமுக்குப் போக வேண்டியவள், ஒரு ஆந்தையைத் துரத்திக்கொண்டு ஓடி ஒரு கதவு வழியாக 'பாய்லிங் ஐல்ஸ்' என்ற தீவுக்குள் நுழைந்துவிடுகிறாள். இறந்துபோன 'டைட்டன்' என்ற ராட்சதனின் உடல்தான் அந்தத் தீவு. அங்கே மழை பெய்தால்கூட கொதிக்கும்!

அங்கே அவளுக்கு அடைக்கலம் தருபவர் ஈடா என்ற பெண் மந்திரவாதி. கூடவே 'கிங்' என்ற குட்டிப் பிராணி. இந்த மூன்று பேரும்தான் குடும்பம். பிறவி மந்திரவாதிகளுக்கு இதயத்தோடு ஒட்டிய ஒரு பை உண்டு, மந்திரம் அதிலிருந்துதான் வரும். லூஸுக்கு அது கிடையாது. அதனால் 'கிளிஃப்' எனும் குறியீடுகளைத் தாளில் வரைந்து மந்திரம் போடக் கற்றுக்கொள்கிறாள். அவள் முதலில் கற்றது என்ன தெரியுமா? ஒளி மந்திரம்தான்.

வில்லன் பெலோஸ் யார்?

தீவின் சக்கரவர்த்தி. ஒவ்வொருவரும் ஒரே ஒரு வகை மந்திரம்தான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் போட்டு, கையில் முத்திரை குத்துபவர். உண்மையில் அவர் மந்திரவாதியே இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்து வந்த, மந்திரவாதிகளை வேட்டையாடும் மனிதர். நிஜப் பெயர் பிலிப் விட்டேபேன். முத்திரை குத்துவதன் நோக்கமே, ஒரு கிரகண நாளில் எல்லோருடைய உயிரையும் மொத்தமாக உறிஞ்சிவிடுவதுதான்.

இங்கேதான் கதையின் முடிச்சு. ஒரு எபிசோடில் காலம் கடந்து பழைய நாட்களுக்குப் போகும் லூஸ், இளம் பிலிப்பை யாரென்று தெரியாமலே சந்தித்து உதவி செய்துவிடுகிறாள். அந்த உதவிதான் 'கலெக்டர்' என்ற அபார சக்தி கொண்ட சிறுவனிடம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 'இத்தனை அழிவுக்கும் நான்தான் காரணமா? நானும் அவரைப் போன்றவள்தானோ?' என்ற குற்ற உணர்ச்சி கடைசி சீசன் முழுக்க அவளைத் தின்கிறது. இரண்டு பேருமே மனிதர்கள், இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்து வந்தவர்கள் என்பது வேறு!

கிளைமாக்ஸில் என்ன நடந்தது?

இரண்டாவது சீசன் முடிவில் கலெக்டர் விடுதலையாகி, தீவையே தன் விளையாட்டு மைதானமாக்கிவிடுகிறான். மக்கள் எல்லாம் பொம்மைகள்! கடைசி எபிசோடில் லூஸ், ஈடா, கிங் மூவரும் அவனை அடித்து ஜெயிக்கப் பார்ப்பதில்லை. அவன் தனிமையில் தவிக்கும் குழந்தை என்று புரிந்துகொண்டு, நட்பு என்றால் என்ன, மன்னிப்பு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பையன் மாறிவிடுகிறான்.

ஆனால் அதற்குள் டைட்டனின் இதயத்தையே பெலோஸ் கைப்பற்றிவிடுகிறார். தீவு அழுகத் தொடங்குகிறது. இப்போதுதான் அன்பைக் கற்ற கலெக்டர், அதே அன்போடு பெலோஸிடம் போகிறான். பதிலுக்குக் கிடைப்பது தாக்குதல். குறுக்கே பாய்ந்த லூஸ், ஒளித்துகள்களாகக் கரைந்து இறந்துபோகிறாள்.

உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் அவளைச் சந்திப்பவர் டைட்டன். கிங்கின் அப்பாவும் அவர்தான். பெலோஸும் நீயும் ஒன்றல்ல என்று அவளுக்குப் புரியவைத்து, தன்னிடம் மிச்சமிருந்த சக்தி முழுவதையும் அவளுக்கே கொடுத்துவிடுகிறார். உயிரோடு திரும்பி வரும் லூஸ், ஈடா, கிங்கோடு சேர்ந்து பெலோஸை இதயத்திலிருந்து பிய்த்தெடுக்கிறாள்.

ஏன் காப்பாற்றவில்லை?

தோற்றதும் பெலோஸ் மனித உருவத்துக்கு வந்து கெஞ்சுகிறார். எல்லாம் சாபம் செய்த வேலை, நாம் இருவரும் மனிதர்கள் அல்லவா என்கிறார். லூஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. கொதிக்கும் மழை கொட்டுகிறது. அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

குழந்தைகளுக்கான தொடர்களில் வில்லன் திருந்துவதுதான் வழக்கம். இந்த எபிசோட் ஒரே மணி நேரத்துக்குள் இரண்டு பேரை எதிரெதிராக நிறுத்துகிறது. கலெக்டர் தெரியாமல் தப்பு செய்தவன், சொன்னால் கேட்டான். பெலோஸ் எல்லாம் தெரிந்தே செய்தவர், மாட்டிய பிறகும் பொய் சொன்னார். மன்னிப்பு நல்லதுதான், ஆனால் அதைக் கேட்பவர் மாற நினைக்க வேண்டும் என்பதே இங்கே சொல்லப்படும் செய்தி. தன்னைத் தானே சந்தேகித்த லூஸுக்கும் அங்கேதான் பதில் கிடைக்கிறது. அவள் தன் தவறை நினைத்து உருகினாள். அவரோ கடைசி நொடி வரை உருகவில்லை.

மூன்றாவது சீசனில் மூன்றே எபிசோடுகள் ஏன்?

முதல் சீசனில் 19, இரண்டாவதில் 21 எபிசோடுகள். மூன்றாவதில், தலா முக்கால் மணி நேரம் அளவுக்கு 3 மட்டுமே. 2021-லேயே டிஸ்னி இதை அறிவித்துவிட்டது. அதே ஆண்டில்தான் தொடருக்குப் புகழ்பெற்ற பீபடி விருது கிடைத்தது என்பது ஆச்சரியம். தொடரை உருவாக்கிய டேனா டெரஸ், நிர்வாகத் தரப்பில் ஒருவர் இது டிஸ்னி பிராண்டுக்குப் பொருந்தாது என்று முடிவெடுத்ததாகப் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். தொடர்கதை பாணியும், பார்வையாளர்கள் சற்று வயதில் பெரியவர்களாக இருந்ததும் காரணங்கள் என்றார். லூஸ், ஆமிட்டி என்ற பெண்ணைக் காதலிப்பதால்தான் தொடர் வெட்டப்பட்டது என்று ரசிகர்கள் பலர் சந்தேகித்தார்கள். ஆனால் டெரஸ் சொன்ன காரணங்கள் இவைதான்.

அடுத்த சீசன் உண்டா?

கதை முழுமையாகவே முடிந்துவிட்டது. சில ஆண்டுகள் கழித்து, தவறவிட்ட 15-வது பிறந்தநாள் விழாவை லூஸின் 18-வது பிறந்தநாளில் நண்பர்கள் கொண்டாடுகிறார்கள். லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களில் பெண்ணின் 15-வது பிறந்தநாள் என்பது ஊரைக் கூட்டிச் செய்யும் விழா. டைட்டன் மறைந்ததால் பழைய குறியீடுகள் வேலை செய்வதில்லை. ஆனால் கிங்கிடமிருந்து புதிய குறியீடுகள் பிறக்கத் தொடங்கிவிட்டன. அப்பா விட்ட இடத்திலிருந்து பிள்ளை தொடர்கிறான். லூஸ் முதல் பாடத்திலிருந்து மறுபடி கற்க வேண்டியதுதான்!